பழைய ஹொண்டா 90 மக்கர் பண்ணுதா? கராச்சுக்குத் தள்ளிக்கொண்டு போக முதல் இதைப் பாருங்கோ

அப்பாவின்ரயோ மாமாவின்ரயோ பழைய சி 50, சி 90, எம்.டி 90 ஏதாவது ஒண்டு கொட்டிலுக்குள்ள கிடந்து, அதை எடுத்து ஓடுவம் எண்டு வெளிக்கிட்ட ஆக்களுக்குத்தான் இதை எழுதுறன். இந்த எஞ்சின்களோட கனகாலம் மாரடிச்சு, கராச் கராச்சா அலைஞ்சு, தேவையில்லாத சாமானெல்லாம் மாத்திக் காசு கரியாக்கினாப் பிறகு விளங்கினது இவ்வளவுதான்: இந்த எஞ்சினுக்கு மூண்டே மூண்டு சாமான் வேணும். பிளக்கில கரண்ட், காபரேற்றரில (பெற்றோலையும் காத்தையும் கலக்கிற சாமான்) பெற்றோல், சிலிண்டருக்குள்ள கம்பிரசன், அதாவது பிஸ்ரன் காத்தை நெருக்கிற இறுக்கம். மூண்டையும் ஒழுங்கா ஒவ்வொண்டாப் பார்த்து முடிக்கும் வரைக்கும் ஒருத்தரையும் எஞ்சினைப் பிரிக்க விடாதேங்கோ. ஒரு நேரத்தில ஒரு சாமானைத்தான் மாத்துங்கோ. பிளக், கொயில் (பிளக்குக்குக் கரண்ட் அனுப்பிற சுருள்), காபரேற்றர் எண்டு மூண்டையும் ஒரே நாளில மாத்திட்டு பைக் ஸ்ரார்ட் ஆனாலும் எது பிழை எண்டு உங்களுக்குத் தெரியாது, அடுத்த முறை நிக்கேக்க திரும்பவும் மூண்டையும் வாங்குவியள்.

கீழ சொல்லுற அளவுகள் ஹொண்டாவின்ர கிடை சிலிண்டர் எஞ்சினுக்கு, அதாவது சிலிண்டர் முன்பக்கமாப் படுத்துக் கிடக்கிற சின்ன எஞ்சினுக்கு. சிடி 200, சிஜி 125 மாதிரிப் பைக் வைச்சிருக்கிற ஆக்களுக்கும் பாக்கிற ஒழுங்கு இதுதான், அளவுகள் மட்டும் வேற.

1. முதல்ல புத்தகத்தை எடுங்கோ, ஸ்பானரை இல்லை

பைக்கின்ர பதிவுப் புத்தகத்தில எஞ்சின் நம்பரும் சேசி நம்பரும் இருக்கும். எஞ்சின் நம்பர் எஞ்சின் கேசில இடது பக்கம் கீழ அடிச்சிருக்கும், ஒயிலும் மண்ணும் காய்ஞ்சு மூடிக் கிடக்கும், மண்ணெண்ணெய் போட்டு பிறஸால தேய்ச்சாத் தெரியும். ரெண்டு நம்பரும் புத்தகத்தோட சரிவருதோ எண்டு பாருங்கோ. ஏன் இதை முதலாவதாச் சொல்லுறன் எண்டா, இஞ்ச யாழ்ப்பாணத்தில ஓடுற கனக்கப் பழைய பைக்கில எஞ்சின் எப்பவோ மாறிட்டுது. நம்பர் வேறயா இருந்தா அந்த எஞ்சினுக்குக் காசு கொட்ட முதல் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில புத்தகத்தைத் திருத்தேலுமோ, அதுக்கு என்ன பத்திரம் கேப்பினம் எண்டு விசாரியுங்கோ. எஞ்சின் வாங்கின பில்லுக் கூட இல்லாட்டி அது பெரிய தலையிடி.

புத்தகம் இன்னும் பழைய ஆளின்ர பேரில இருந்தா அதையும் இப்பவே பாருங்கோ. பேர் மாத்திறதுக்கு எம்.ரி.ஏ 6, எம்.ரி.ஏ 8 எண்டு ரெண்டு பத்திரம், விக்கிற ஆளின்ர கையெழுத்தும் வேணும். அந்த ஆள் வெளிநாட்டில எண்டா, இல்லாட்டிச் செத்துப்போனார் எண்டா, எஞ்சின் வேலை முடியிறதுக்கு முன்னமே பத்திர வேலையைத் தொடங்கவேணும். எஞ்சின் ஒரு கிழமையில சரிவரும், பத்திரம் மாசக்கணக்கில இழுக்கும்.

2. கையில இருக்கவேண்டிய சாமான்

பிளக் ஸ்பானர், நல்ல ஸ்குரூட்றைவர், சின்னச் சின்ன ஸ்பானர், பீலர் கேச் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகட்டுக் கட்டு) ஒண்டு, மலிவான மல்ரி மீற்றர் ஒண்டு, வெள்ளைக் கண்ணாடிப் போத்தல் ஒண்டு, கொஞ்சம் தங்கூசி (மீன்பிடிக்கிற நைலோன் நூல்). தங்கூசி ஏன் எண்டு பிறகு சொல்லுறன். கூடவே புதுப் பிளக் ஒண்டு, சரியான நம்பர் பார்த்து வாங்குங்கோ. கடைக்காரர் "இதுவும் போகும் தம்பி" எண்டு குடுக்கிற நீளப் புரிப் பிளக்கைப் பூட்டினா அது பிஸ்ரனில போய் இடிக்கிற இடமும் இருக்கு. பழைய பிளக்கையே கையில கொண்டுபோய் பக்கத்தில வைச்சுப் பார்த்து வாங்குறது நல்லம்.

பீலர் கேச் வாங்கேக்க 0.05 மில்லிமீற்றர் தகடு இருக்கோ எண்டு கேளுங்கோ. கனக்க செற்றில அது இல்லை, 0.10இல தொடங்கும். இந்த எஞ்சினுக்கு 0.05 கட்டாயம்.

போன் எடுத்து ஒவ்வொண்டு கழட்ட முதலும் படம் எடுங்கோ. வயர் நிறம் தெரியிற மாதிரி.

3. கனகாலம் கிடந்த பைக்கை உடன உதைக்காதேங்கோ

வருசக்கணக்காக் கிடந்ததெண்டா பிஸ்ரன் ரிங் சிலிண்டரோட கறள் பிடிச்சு ஒட்டியிருக்கலாம். அதுக்கு மேல ஏறி நிண்டு கிக்கரை உதைச்சா ரிங் உடையும், இல்லாட்டி கிக்கர் சாப்ற் பல்லு போகும். பிளக்கைக் கழட்டி அந்த ஓட்டைக்குள்ள கொஞ்சம் எஞ்சின் ஒயில் விட்டு ஒரு நாள் ரெண்டு நாள் விடுங்கோ. பேந்து இடது பக்க மூடியைக் கழட்டி பிளைவீலை (எஞ்சினோட சேர்ந்து சுத்திற பாரமான சில்லு) கையால மெள்ள முன்னுக்குப் பின்னுக்கு அசையுங்கோ. அசைஞ்சால் சந்தோசம். அசையேல்லை எண்டா இன்னும் கொஞ்ச ஒயில், இன்னும் ரெண்டு நாள். அவசரப்படாதேங்கோ.

அது சுத்தத் தொடங்கினாப் பிறகு பழைய ஒயிலை முழுக்க வடிச்சு எடுங்கோ. வடியிற ஒயிலை மணந்து பாருங்கோ, பெற்றோல் மணந்தா காபரேற்றர் நீடில் (பெற்றோலை அடைக்கிற ஊசி) மூடாமல் பெற்றோல் இறங்கியிருக்கு எண்டு அர்த்தம். பால் மாதிரி வெளிறி இருந்தா தண்ணி போயிருக்கு. எம் பக்கத்து மாரியில வெளியில நிண்ட பைக்கில இது அடிக்கடி வரும். புது ஒயில் ஒரு லீற்றர் வாங்கினாப் போதும், இந்த எஞ்சின் அதுக்கும் குறையத்தான் பிடிக்கும். மோட்டார் சைக்கிளுக்கு எண்டே விக்கிற ஒயிலை வாங்குங்கோ, காருக்கு விக்கிற சில ஒயிலில வழுக்கிற மருந்து கலந்திருக்கும், இந்த எஞ்சினில கிளச்சும் அதே ஒயிலுக்குள்ளதான் கிடக்குது, கிளச் வழுக்கத் தொடங்கும். அளவுக் கம்பியைப் புரியில முறுக்காமல் சும்மா வைச்சு எடுத்துத்தான் அளவு பாக்கிறது.

4. பிளக்கில கரண்ட் வருதோ?

பிளக்கைக் கழட்டி, வயர் நுனியில இருக்கிற கப்பில திரும்பக் கொழுவி, பிளக்கின்ர புரிப் பகுதியை எஞ்சின் இரும்பில முட்டவைச்சு, சாவியைப் போட்டு உதையுங்கோ. நிழலுக்குள்ள வைச்சுப் பாருங்கோ, எங்கட வெயிலுக்குள்ள பொறி தெரியாது. பிளக்கை அந்த ஓட்டைக்குக் கிட்டப் பிடிக்காதேங்கோ, உள்ள இருந்து வாற பெற்றோல் ஆவி பத்தும். நீலமா, "டிக் டிக்" எண்டு சத்தத்தோட பாய்ஞ்சால் நல்லது. மஞ்சளா, சிவப்பா, சத்தமில்லாமல் வந்தால் அது காத்தில தெரியுமே தவிர கம்பிரசனுக்குள்ள வேலை செய்யாது. இதிலதான் கனபேர் ஏமாறுறது, "கரண்ட் வருதுதானே" எண்டு சொல்லிப்போட்டு காபரேற்றரைக் கழட்டப் போவினம்.

கரண்ட் இல்லையெண்டா மலிவான பக்கத்தில இருந்து தொடங்குங்கோ. புதுப் பிளக் போட்டுப் பாருங்கோ. பிளக் இடைவெளி 0.6 இல இருந்து 0.7 மில்லிமீற்றர். அடுத்து பிளக் கப்பைத் திருகிக் கழட்டி, வயரின்ர நுனியை அரை சென்ரிமீற்றர் மட்டில வெட்டிப்போட்டு புதுச் செம்பில திரும்பப் பூட்டுங்கோ. கடல் காத்து அடிக்கிற பக்கம், வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, குருநகர் எண்டு இருக்கிற ஆக்களின்ர பைக்கில அந்த நுனி பச்சையாப் பூத்துக் கிடக்கும், காசில்லாமல் சரிவாற வருத்தம் இது.

அதுக்குப் பிறகு சாவிச் சுவிச். இதில ரெண்டு வகை இருக்கிறது தெரிஞ்சிருக்கவேணும். சில மொடல் மக்னெற்றில (எஞ்சின் சுத்தக் கரண்ட் உண்டாக்கிற காந்தம்) இருந்தே கரண்ட் எடுக்கும், சில மொடல் பற்றறியில இருந்து எடுக்கும். பற்றறி வகையெண்டா பற்றறி செத்தா பிளக்கும் செத்துது, முதல் அதைத்தான் பாக்கவேணும். மக்னெற் வகையில சாவியை நிப்பாட்டேக்க நடக்கிறது என்னெண்டா, கறுப்பில வெள்ளைக் கோடு போட்ட வயரை சுவிச் ஏர்த் பண்ணும், அவ்வளவுதான். சுவிச்சுக்குள்ள கறளோ தண்ணியோ இருந்தா சாவி போட்டாலும் அது ஏர்த்திலயே நிக்கும். சுவிச்சுக்குப் போற அந்தக் கறுப்பு வெள்ளை வயரை மட்டும் கழட்டிவிட்டு உதையுங்கோ. கரண்ட் வந்தா சுவிச்தான் பிழை. ஆனா அந்த நிலையில ஸ்ரார்ட் ஆனா சாவியால நிப்பாட்டேலாது, சோக்கை முழுக்க மூடினால் நிக்கும், அதைத் தெரிஞ்சுகொண்டு செய்யுங்கோ.

இதெல்லாம் சரியெண்டா பொயின்ற், அதாவது திறந்து மூடிப் பிளக்கில பொறி வரவைக்கிற தொடுமுனை. சில மொடலில பிளைவீலுக்குப் பின்னால, ஓட்டைக்குள்ளால பாக்கலாம், சிலதில சிலிண்டர் ஹெட் பக்கத்தில தனி மூடிக்குள்ள. சிடிஐ (பொயின்ற்றுக்குப் பதிலா வாற எலெக்ரோனிக் பெட்டி) போட்ட பிந்தின மொடலில பொயின்றே இல்லை, அப்பிடியெண்டா இந்தப் பந்தியை விட்டுட்டுப் போங்கோ. பொயின்ற் முழுக்கத் திறந்து நிக்கேக்க இடைவெளி 0.3 இல இருந்து 0.4 மில்லிமீற்றர். முகத்தில கறுத்துப்போய் குழி விழுந்திருந்தா லேசாத் தேய்ச்சு, பேந்து ஒயில் படாத துணியால துடைச்சு விடுங்கோ, தேய்ச்ச தூளோ கைச் சீயாக்கோ மிஞ்சினாலும் கரண்ட் வராது. இடைவெளி மாத்தினா ரைமிங்கும், அதாவது பொறி பாயிற நேரமும், மாறும். பிளைவீலில எஃப் (F) எண்டு அடிச்ச கோடு, கேசில இருக்கிற அடையாளத்துக்கு நேரா வரேக்க பொயின்ற் திறக்கத் தொடங்கவேணும். அந்த நேரம் கண்ணுக்குத் தெரியாது, மல்ரி மீற்றரைப் போட்டு முள்ளு மாறுறதைப் பாருங்கோ.

5. பெற்றோல்

காபரேற்றர் கிண்ணத்தின்ர அடி ஆணியைத் தளர்த்தி கண்ணாடிப் போத்தலுக்குள்ள வடியவிட்டு, வெளிச்சத்தில பிடிச்சுப் பாருங்கோ. அடியில உருண்டை உருண்டையாத் தனிய நிண்டா தண்ணி. சிவப்புத் தூள் எண்டா பெற்றோல் ராங்கிக் கறள். மஞ்சளாப் போய் வார்னிஷ் மாதிரி மணந்தா பெற்றோல் பழசு. ஒண்டுமே வடியேல்லை எண்டா பெற்றோல் ரப் (திறந்து பூட்டுற குழாய்) அல்லது பில்டர் அடைப்பு. பழைய மொடல் சிலதில ரப் காபரேற்றரோடயே சேர்ந்து, கீழ சின்னக் கிண்ணத்துக்குள்ள வலையும் இருக்கும், அதை ஒருநாளும் கழட்டாத பைக்குகள் கனக்க ஓடுது.

கறள் இருந்தா காபரேற்றரைக் கழுவி வேலையில்லை. ராங்கியைக் கழட்டி, கழுவிக் காயவைச்சு, ரப்புக்கும் காபரேற்றருக்கும் இடையில ஒரு சின்ன பில்டர் போட்டாப் பிறகுதான் காபரேற்றரில கை வையுங்கோ. இல்லாட்டி இண்டைக்குக் கழுவினது நாளைக்கு அடைக்கும்.

காபரேற்றருக்குள்ள முதல் அடைக்கிறது சின்ன ஜெற்தான், பெற்றோல் வாற பித்தளைத் துளை. ஐடிலில நிக்காது, சோக் இழுத்தா மட்டும் ஓடும், வேகமாப் போனால் நல்லா ஓடும் எண்டா அதுதான் வருத்தம். ஜெற்றின்ர ஓட்டை மயிரிழை அளவு. காபரேற்றர் கிளீனர் அடிச்சுக் காத்தடிச்சாப் போகும், போகாட்டி இருக்கவே இருக்கு தங்கூசி. ஊசியோ இரும்புக் கம்பியோ விடாதேங்கோ, பித்தளை மெது, ஓட்டை பெருத்தா பெற்றோல் கூடக் குடிக்கும், பிறகு எந்த ரியூனிங்கும் நிக்காது. ஓட்டையை வெளிச்சத்துக்குப் பிடிச்சா அதுக்குள்ளால ஒரு வட்டப் புள்ளி வெளிச்சம் தெரியவேணும். கோணலாத் தெரிஞ்சா இன்னும் அழுக்கு இருக்கு.

காத்து ஆணியைக் கழட்ட முதல் உள்பக்கமா மெள்ள முடிவு வரை திருகி எத்தினை சுத்து எண்டு எண்ணி எழுதி வையுங்கோ. கணக்குத் தெரியாட்டி ஒண்டரைச் சுத்து வெளியில வைச்சுத் தொடங்கலாம். எஞ்சின் நல்லாச் சூடானாப் பிறகுதான் கடைசி ரியூனிங்.

பெற்றோல் வழிஞ்சுகொண்டே இருந்தா புளோற்றை (காபரேற்றர் கிண்ணத்துக்குள்ள இருக்கிற மிதவை) கழட்டிக் காதுக்குக் கிட்டக் குலுக்குங்கோ, உள்ள சலசலத்தா ஓட்டை. அது இல்லாட்டி நீடில் நுனியில தேய்ஞ்ச வளையம் தெரியும்.

ஐடில் தன்ர பாட்டில ஏறிக்கொண்டு, அக்சிலேற்றரை விட்டாலும் இறங்க நேரம் எடுத்தா காபரேற்றருக்கும் எஞ்சினுக்கும் இடையில காத்து இழுக்குது. ஓடிக்கொண்டிருக்கேக்க அந்த மூட்டில கொஞ்சம் சவர்க்காரத் தண்ணி விட்டுப் பாருங்கோ, சத்தம் மாறினா அங்க ரப்பர் வளையம் போச்சு. மிச்ச மலிவான சாமான் அது.

எயார் பில்டரையும் மறக்காதேங்கோ. கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் பக்கம் செம்பாட்டுப் புழுதிக்குள்ள ஓடுற பைக்கில பில்டர் செங்கல் நிறத்தில கிடக்கும். அதைக் கழட்டி எறிஞ்சிட்டு ஓடுற பழக்கமும் இருக்கு, "இழுவை கூடுது" எண்டு சொல்லுவினம். புழுதி சிலிண்டரை உரஞ்சித் தேய்க்கும், அதுக்குப் பிறகு போர் அடிக்கிற, அதாவது சிலிண்டரைக் குடைஞ்சு பெருப்பிக்கிற, காசோட ஒப்பிட்டுப் பாருங்கோ.

அந்தத் தொண்ணூறுகளில மண்ணெண்ணெயில ஓடின பைக்கெண்டா இன்னொரு விசயம். பெற்றோல் தடை இருந்த காலத்தில ஸ்ரார்ட்டுக்கு மட்டும் ரெண்டு துளி பெற்றோல் விட்டு மிச்சத்துக்கு மண்ணெண்ணெயில ஓடின எஞ்சின்கள் இஞ்ச ஏராளம். அதுகளில பிஸ்ரன் தலையிலும் சைலன்சருக்குள்ளயும் கரி தடிச்சுக் கிடக்கும், ஜெற்றையும் யாராவது நோண்டியிருப்பினம். பழைய ஜெற்றை நம்பாமல் புதுசு போடுங்கோ. இப்பவும் காசு மிச்சம் பிடிக்க மண்ணெண்ணெய் கலக்கிற ஆக்கள் இருக்கினம், அது சிலிண்டர் சுவரில இருக்கிற ஒயிலைக் கழுவி எடுத்து கீழ போய் எஞ்சின் ஒயிலையும் தண்ணியாக்கும், வேண்டாம்.

6. கம்பிரசன்

கிக்கரைக் கையால மெள்ள அமத்துங்கோ. ஒரு இடத்தில இறுகி நிண்டு, பிறகு மெள்ள விட்டுக்குடுத்தா ஓரளவு நல்லது. எந்த இடத்திலும் இறுகாமல் சும்மா போய்வந்தா பிரச்சினை. ஆனா அதைக் கேட்ட உடன "ரிங் போச்சு, போர் அடிக்கவேணும்" எண்டு சொல்லுற ஆளை நம்பாதேங்கோ, முதல் ரப்பெற், அதாவது வால்வைத் தள்ளுற ஆணி, பாருங்கோ.

எஞ்சின் முழுக்க ஆறியிருக்கவேணும், இரவு நிண்ட பைக்கை விடியப் பாக்கிறது நல்லம். பிளைவீலை இடஞ்சுழியாச் சுத்தி ரீ (T) எண்டு அடிச்ச கோட்டை அடையாளத்துக்கு நேரா நிப்பாட்டுங்கோ. ரெண்டு ரப்பெற்றும் லேசா ஆடவேணும். ஒண்டு இறுகி நிண்டா நீங்கள் பிழையான சுத்தில நிக்கிறியள், இன்னொரு முழுச் சுத்து சுத்துங்கோ. அதில 0.05 தகடு ரெண்டு பக்கமும் லேசான பிடிப்போட போய்வரவேணும். சத்தம் வருதெண்டு இறுக்கிற ஆக்கள்தான் கூட. சத்தமில்லாத ரப்பெற்றைவிட கொஞ்சம் சத்தம் போடுறது ஆரோக்கியம், இறுகினா வால்வு முழுக்க மூடாது, கம்பிரசன் போகும், வால்வும் எரியும்.

ரப்பெற் சரியாக்கியும் கம்பிரசன் இல்லையெண்டா பிளக் ஓட்டைக்குள்ள ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுச் சில தரம் உதைச்சுப் பாக்கிற முறை ஒண்டு இருக்கு: இறுக்கம் கூடினா ரிங், கூடாட்டி வால்வு. நிமிர்ந்த சிலிண்டருக்கு அது சரிவரும். இந்தப் படுத்த சிலிண்டரில ஒயில் கீழ்ப் பக்கத்தில மட்டும் தேங்கும், அதால இதை வைச்சு மட்டும் முடிவெடுக்காதேங்கோ. காத்துப் பம்பி இருக்கிற கராச்சில பிளக் ஓட்டைக்குள்ளால காத்தடிச்சு எங்கால வெளியேறுது எண்டு காது குடுத்துக் கேட்டாத் தெளிவாத் தெரியும். ரீ கோட்டில ரெண்டு வால்வும் மூடி நிக்கேக்க அடிக்கவேணும். சைலன்சரால வந்தா எக்சோஸ்ற் வால்வு, காபரேற்றரால வந்தா இன்லெற் வால்வு, ஒயில் ஊத்திற ஓட்டையால வந்தா ரிங்.

7. ஓடி ஓடிச் சூடானாப் பிறகு நிக்கிற வருத்தம்

இதுதான் ஆளை விசராக்கிற வருத்தம். விடிய ஒரு உதையில ஸ்ரார்ட். நல்லூரடியில இருந்து கைதடி போகும் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. பிறகு இழுவை குறைஞ்சு, இருமி, நிக்கும். வேப்ப மரத்துக்குக் கீழ கொஞ்சநேரம் விட்டுட்டு உதைச்சா திரும்ப ஸ்ரார்ட். கராச்சுக்குக் கொண்டுபோகேக்க ஆறிடும், அங்க ஒரு பிழையும் காட்டாது. இப்பிடி வந்த என்ர பைக்கைப் பார்த்துத்தான் ஒரு கராச்சில போர் அடிக்கவேணும் எண்டு சொல்லி, அடிச்சு, புதுப் பிஸ்ரனும் போட்டு, காசையும் வாங்கினவை. புதுப் பிஸ்ரனோடயும் அதே இடத்தில அதே மாதிரி நிண்டுது. கடைசியில போனது கொண்டென்சர், பொயின்ற் வாயில பொறி பறக்காமல் தடுக்கிற, உள்ளங்கைக்குள்ள அடங்கிற சாமான்.

இந்த வருத்தத்தை நிண்ட இடத்திலதான் பிடிக்கேலும், ஆறினாப் பிறகு எவராலும் ஏலாது. அதால பிளக் ஸ்பானரையும் ஒரு துணியையும் சீற்றுக்குக் கீழ வைச்சுக்கொண்டு ஓடுங்கோ. நிண்ட உடன, தள்ளாமல், உதைச்சுக் களைக்காமல், இந்த ஒழுங்கில:

முதல் ராங்கி மூடியைத் திறவுங்கோ. "சூ" எண்டு காத்து உள்ள இழுத்தா மூடியில இருக்கிற காத்து ஓட்டை அடைச்சிருக்கு. பெற்றோல் இறங்க இறங்க உள்ள காத்து போகாமல் வழியில நிப்பாட்டிப்போடும். மூடியைத் திறந்து மூடினவுடன ஸ்ரார்ட் ஆகி, பேந்து அதே தூரத்தில நிண்டா இதுதான், ஊசியால ஓட்டையைக் குத்தி விட்டாப் போதும்.

இழுக்கேல்லை எண்டா உடன பிளக்கைக் கழட்டிக் கரண்ட் பாருங்கோ, துணியால பிடியுங்கோ, சுடும். விடிய நீலமா வந்த பொறி இப்ப மஞ்சளா, இல்லாட்டி இல்லவே இல்லையெண்டா கொண்டென்சர் அல்லது கொயில். சூடாக சூடாக ரெண்டும் செத்து, ஆறினா உயிர் வரும். எது எண்டு பிரிக்க, இருட்டினாப் பிறகு எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கேக்க பொயின்ற்றைப் பாருங்கோ. பொயின்ற் வாயிலேயே பெரிசாப் பொறி பறந்தா கொண்டென்சர், முகமும் கெதியாக் கறுத்திருக்கும். அங்க பெரிசா ஒண்டும் இல்லாமல் பிளக்கில மட்டும் கரண்ட் செத்தா கொயிலைச் சந்தேகப்படுங்கோ. ரெண்டில கொண்டென்சர் மலிவு, அதையே முதல் மாத்துங்கோ. புது கொண்டென்சர் எண்டு வாங்கிறதும் சிலநேரம் பெட்டிக்குள்ளயே செத்ததா வரும், திருப்பிக் குடுக்கலாமோ எண்டு கேட்டு வாங்குங்கோ.

கரண்ட் நல்லா நீலமா வருது, மூடியும் சரி, ஆனா கிக்கரில இறுக்கம் விடியக் காட்டினதிலும் குறைவு எண்டா ரப்பெற் இறுகிக் கிடக்கு. சூட்டில வால்வு நீண்டு முழுக்க மூடாமல் நிக்கும். 6 ஆவது படியைத் திரும்பச் செய்யுங்கோ.

பிளக் நனைஞ்சு பெற்றோல் மணந்தா சூட்டில காபரேற்றர் வழிஞ்சிருக்கு, புளோற் பக்கம் போங்கோ.

எங்கட ஊரில ஏத்தம் இறக்கம் இல்லாததால எஞ்சினுக்குப் பாரம் குடுத்துப் பாக்கிறதும் கஷ்டம். சோளகம் (தென்மேற்குக் காத்து) அடிக்கிற மாசங்களில பண்ணைப் பாலத்தால வேலணைப் பக்கம் பின்னுக்கு ஒரு ஆளையும் ஏத்திக்கொண்டு காத்துக்கு எதிர ஓடுங்கோ, ஒளிச்சிருக்கிற வருத்தம் எல்லாம் வெளியில வரும். திரும்பி வரேக்க காத்துத் தள்ளிக்கொண்டு வரும், நிண்டாலும் தள்ளுறது சுகம்.

8. புகையும் சத்தமும்

கறுப்புப் புகை எண்டா பெற்றோல் கூட, எஞ்சினைப் பிரிக்கிற விசயமில்லை. விடிய மட்டும் கொஞ்சம் வெள்ளையா வந்து போறது ஈரம், விடுங்கோ. நீலம்தான் ஒயில். ஸ்ரார்ட் பண்ணேக்க ஒருக்கா மட்டும் நீலமா வந்து பிறகு நிண்டா வால்வு கைட், சீல் பக்கம். அக்சிலேற்றர் குடுக்கக் குடுக்க நீலம் கூடிக்கொண்டே போனா ரிங், சிலிண்டர்.

மேல் பக்கம் "டிக் டிக்" ரப்பெற். இடது பக்கம் சங்கிலி இழுபடுற மாதிரிக் கடகடத்தா ரைமிங் செயின். கீழ இருந்து பாரத்தில "டொக் டொக்" எண்டு கனத்த சத்தம் வந்தா அந்த இடத்திலேயே நிப்பாட்டி ஓட்டோவில ஏத்துங்கோ, அது கொன் ரொட், பிஸ்ரனைத் தாங்கிற தண்டு. ஓடிக்கொண்டு போய்ச் சேருவம் எண்டு நினைச்சா கேசும் சேர்ந்து உடையும்.

9. காசும் கராச்சும்

விலை மாசத்துக்கு மாசம் மாறுறதால தொகை எழுதேல்ல, செலவு ஏறுற ஒழுங்கு மட்டும்: பிளக், பிளக் கப், ரப்பர் வளையம், கொண்டென்சர், பொயின்ற், காபரேற்றர் கிற், கொயில், வால்வு வேலை, போர் அடிச்சுப் பிஸ்ரன் போடுறது, கொன் ரொட். முன்னுக்கு இருக்கிறதை முடிக்காமல் பின்னுக்கு இருக்கிறதுக்குப் போகாதேங்கோ.

சாமான் யாழ்ப்பாணத்தில ஸ்ரான்லி வீதிப் பக்கம் தேடுங்கோ, இல்லாட்டி கொழும்பில பஞ்சிகாவத்தையில ஆரையும் தெரிஞ்சா பழைய சாமானின்ர படத்தை அனுப்பி எடுப்பியுங்கோ. பெட்டியில என்ன பேர் அடிச்சிருந்தாலும் பழையதோட பக்கத்தில வைச்சுப் பாக்காமல் காசு குடுக்காதேங்கோ.

போர் அடிக்கத்தான் வேணுமெண்டா பிஸ்ரனை முதல் வாங்கி, அதைக் கையில குடுத்து, அதின்ர அளவுக்குத்தான் அடிக்கச் சொல்லவேணும். 0.25, 0.50, 0.75, 1.00 எண்டு அளவு ஏறும். முதல் அடிச்சிட்டுப் பிஸ்ரன் தேடப்போனா அந்த அளவு கடையில இல்லையெண்டு அடுத்த அளவுக்குத் திரும்ப அடிக்கவேண்டி வரும், சிலிண்டரின்ர ஆயுசு அதில போகும். பழைய சிலிண்டர் ஏற்கனவே எந்த அளவில நிக்குது எண்டு பழைய பிஸ்ரன் தலையில அடிச்சிருக்கும், பாருங்கோ. போர் அடிச்ச எஞ்சினை முதல் 500 கிலோமீற்றர் மெள்ள ஓடி ஒயிலை மாத்துங்கோ.

கராச்சில விட முதல் மூண்டு விசயம் பேசி முடியுங்கோ: கழட்டின பழைய சாமான் எல்லாம் திருப்பித் தரவேணும், சொன்ன வேலைக்கு மேல செய்ய முதல் போன் எடுக்கவேணும், எஞ்சினை வேற எஞ்சினோட மாத்தக் கூடாது. "அண்ணை, உது முழுக்கப் போச்சு, என்னட்ட நல்ல எஞ்சின் ஒண்டு கிடக்கு, மாத்திவிடுறன்" எண்டு சொல்லேக்க மலிவாத்தான் தெரியும். முதலாவது படியில சொன்ன நம்பர் சிக்கல் அங்கதான் தொடங்குறது.

10. புகை ரெஸ்ற்றும் லைசன்ஸும்

பைக்கின்ர வருமான அனுமதிப்பத்திரம் (லைசன்ஸ்) எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ், இன்சூரன்ஸ், பழைய லைசன்ஸ் மூண்டும் வேணும். கனகாலம் லைசன்ஸ் எடுக்காமல் கிடந்த பைக்கெண்டா பழைய நிலுவை என்ன வரும் எண்டு பிரதேச செயலகத்தில முன்னமே கேட்டுக்கொண்டு வாங்கோ, சிலநேரம் அது எஞ்சின் செலவை விடக் கனக்கும்.

பெற்றோல் பைக்கில பாக்கிறது கார்பன் மொனொக்சைட்டும் எரியாத பெற்றோலும். அதால காத்து ஆணி, எயார் பில்டர், பிளக் மூண்டும் ஒழுங்காக்கி, ஒயில் மாத்தி, எஞ்சின் நல்லாச் சூடாகிற அளவுக்கு ஓடிக்கொண்டு போய் உள்ள விடுங்கோ. வீட்டில இருந்து தள்ளிக்கொண்டு போய் ஆறின எஞ்சினில காட்டாதேங்கோ. சைலன்சர் மூட்டில காத்து ஒழுக்கு இருந்தா அதையும் அடைச்சிட்டுப் போங்கோ, மீற்றர் பிழையாக் காட்டும். லைசன்ஸ் முடியிற திகதிக்கு ஒரு மாசம் முன்னமே ரெஸ்ற்றுக்குப் போனா, பெயிலானாலும் காபரேற்றரை இன்னொருக்காத் திருத்திக்கொண்டு போக நாள் கிடக்கும்.